கடைசி அங்கத்தில் அவள் ஏன் சிரிக்கிறாள்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

படி ஏறும்போது முழங்கால் இன்னும் பிடித்துக்கொள்கிறதா? இங்கே நாங்கள் இருவரும் படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். கண்ணாடிக் கடையில் நல்ல கூட்டம். உங்கள் தம்பி கண் பார்ப்பதைவிடக் கதை சொல்வதுதான் அதிகம். ஆனால் கதை கேட்க வந்தவர்களும் ஒரு ஃபிரேம் வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். எனக்குப் பல் செட் செய்யும் லேபில் வழக்கமான வேலை. பிளாஸ்டர் தூளில் விரல் நுனி வெடிக்கிறது, அவ்வளவுதான்.

ஓர் உதவி வேண்டும். எங்கள் தெரு நூலகத்தில் சனிக்கிழமைதோறும் வாசகர் கூட்டம் நடக்கிறது. ஜூனில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "வந்ததுலேருந்து பின் வரிசையில உக்காந்து வாயே திறக்கல. நிறைய சேத்து வச்சிருப்பீங்க, கொஞ்சம் இறக்கி வைங்க" என்று நூலகர் மாட்டிவிட்டார்.

நீங்கள் வகுப்பில் நடத்தும் அந்தப் பழைய நகைச்சுவை நாடகம்தான். ஊரையே சிரிக்க வைக்கும் சாயக்காரன். அவன் ஜோக்குக்கு ஒருநாளும் சிரிக்காத மனைவி. திருவிழா விருந்துகள் முடிவதற்குள் அவளைச் சிரிக்க வைக்காவிட்டால் மீசையை எடுத்துவிடுவதாக நண்பர்களிடம் பந்தயம் கட்டுகிறான். என்னென்னவோ செய்கிறான். கடைசியில் அவள் ஜன்னலுக்கு ஏணி வைத்து ஏறி, வழுக்கி, தன் சாயத் தொட்டியிலேயே விழுந்து, தலை முதல் கால் வரை நீலமாக எழுந்து வருகிறான். 'மனைவி சிரிக்கிறாள்' என்று ஒரே ஒரு வரி. உடனே மேளம், ஆட்டம், திரை.

அவள் ஏன் சிரிக்கிறாள் அக்கா? எத்தனை முறை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

இன்னொன்று. எங்கள் முதலாளி துறைமுகப் பக்கம் ஒரு கிளை திறக்கிறார். பொறுப்பேற்று நடத்த என்னைக் கூப்பிடுகிறார். ஜூன் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் அங்கேயேதான் தங்க வேண்டியிருக்கும். உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வீட்டுக்காரி


ஜனவரி 27

அன்புள்ள தங்கைக்கு,

முழங்கால் தான் இருப்பதை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்குமேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. விரலை யாரிடமாவது காட்டினாயா? கையுறை போட்டுக்கொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாதா?

உன் கேள்வியை என் மாணவர்கள் கேட்பதில்லை. தேர்வில் வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

நகைச்சுவை நாடகம் சண்டையில் ஆரம்பித்தால் சமாதானத்தில்தான் முடியும். அது எழுதாத ஒப்பந்தம். அவள் அதுவரை ஏன் சிரிக்கவில்லை என்று பார். சாயக்காரன் எப்போதும் உயரத்தில் நின்றுகொண்டு மற்றவர்களைச் சிரிக்க வைக்கிறான். தொட்டியில் விழும்போதுதான் கீழே வருகிறான். முதல் தடவையாக இருவரும் ஒரே தரையில் நிற்கிறார்கள். அந்தச் சிரிப்பு மன்னிப்பு. இருபது வருடங்களாக வகுப்பில் இப்படித்தான் சொல்லி வருகிறேன். யாரும் மறுத்ததில்லை. மறுக்காததால் சரி என்று ஆகிவிடாதுதான்.

கிளை விஷயத்தை அவனிடம் நான் சொல்லப் போவதில்லை. ஆனால் நீயே சொல்வதுதான் நல்லது. புருஷன் பெண்டாட்டி நடுவே ரகசியம் காக்க மூன்றாம் ஆள் எதற்கு?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கே குளிர் விட்டதா? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. லேபில் மெழுகு சீக்கிரம் இளகிவிடுகிறது. ஒரு பல் வரிசை நிற்பதற்குள் இரண்டு பற்கள் சாய்ந்துவிடுகின்றன.

உங்கள் விளக்கம் அழகாக இருந்தது. நம்பிக்கொண்டுதான் நாடகத்தை மறுபடி எடுத்தேன். இரண்டாம் அங்கத்தில் இடிக்கிறது. விருந்தில் அவளையே நடித்துக் காட்டுகிறானே, அந்த இடம். அவள் நடை, அவள் பேச்சு, தாய்வீட்டை நினைத்து மூக்கைச் சிந்துவது, எல்லாம். 'விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்' என்று இருக்கிறது. அவள் என்ன செய்கிறாள் என்று இல்லை. அடுத்த வரியில் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். எழுதியவருக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. இருபது வருடத்தில் உங்களுக்குத் தோன்றியதா?

ஒரே தரை என்கிறீர்கள். நீலச் சாயம் நாலு குளியலில் போய்விடும் அக்கா. அவளை நடித்துக் காட்டியது அத்தனை பேர் ஞாபகத்திலும் இருக்குமே. அதை எதில் கழுவுவது?

ஏப்ரலில் கல்லூரி விடுமுறைதானே? வாருங்கள். அப்போது உங்கள் தம்பி நண்பர்களை விருந்துக்குக் கூப்பிடுகிறாராம். அந்த விருந்தில் நீங்கள் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கிளை விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் அவருக்கு ஒரு காமெடி ஐட்டம் ஆகிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வீட்டுக்காரி


மார்ச் 3

அக்கா,

உன் கால் எப்படி இருக்கு? என் வாய் நல்லா இருக்கு.

என்ன, ரெண்டு பேருக்கும் நடுவுல கடிதப் போக்குவரத்து அமர்க்களப்படுது? நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் சண்டை போட்டா ஊர் சிரிக்கும். ஒண்ணு சேந்தா தம்பி அழணும். கல்யாணமே பண்ணிக்காத நீ புருஷன் பொண்டாட்டி சண்டையில டாக்டர் பட்டம் வாங்கின. கல்யாணம் பண்ணின நான் இன்னும் எல்.கே.ஜி. இவ என்னடான்னா, ஊருக்கெல்லாம் சிரிக்கப் பல் செஞ்சு குடுக்கிறா, வீட்டுல ஒரு பல்லக் காட்ட மாட்டேங்கிறா. இப்போ சிரிக்காத பொம்பளை நாடகம் வேற படிக்கிறா. கையில பென்சில வச்சுக்கிட்டு! நான் போய் எட்டிப் பாத்தா புத்தகத்த மூடுறா. நமக்கெதிரா கேஸ் கட்டு தயாராகுதோ என்னவோ.

ஏப்ரல்ல வந்துடு. பேங்க் மேனேஜரும் மருந்துக் கடைக்காரரும் சம்சாரத்தோட வர்றாங்க. நீ வந்தாதான் எனக்குக் களை கட்டும். சின்ன வயசுலேருந்து என் முதல் ரசிகை நீதானே.

தம்பி


மார்ச் 16

அன்புள்ள தங்கைக்கு,

வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். என் பெட்டியில் பாதி விடைத்தாளாக இருக்கும், அதனால் துணிக்கு உன் அலமாரியில் கொஞ்சம் இடம் ஒதுக்கு. விரலுக்கு ஒரு களிம்பு வாங்கி வைத்திருக்கிறேன்.

இரண்டாம் அங்கத்தைப் பற்றி: அவள் முகம் எழுதப்படவில்லை என்பது உண்மை. நான் கவனித்ததில்லை. ஆனால் நடித்துக் காட்டுவதை நீ வெறும் கேலியாகப் பார்க்கிறாய். ஒருவரை உற்றுக் கவனிக்காமல் அவரைப் போல நடிக்க முடியாது. அந்த ஊரில் அவளை அவ்வளவு கவனித்த ஒரே ஆள் அவள் கணவன்தான். அதிலும் ஒருவிதப் பிரியம் இருக்கிறது என்று நான் சொல்வேன்.

நேரில் பேசலாம்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள தங்கைக்கு,

சௌகரியமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த சாப்பாடு மறுநாள் காலைவரை வந்தது. நான் கிளம்பியபோது உனக்குத் தலைவலி என்று படுத்திருந்தாய். இப்போது தேவலையா?

விருந்தில் நீ உட்காரவே இல்லை. பரிமாறிக்கொண்டே இருந்தாய். அதன் பிறகு நாடகத்தைப் பற்றிப் பேச நமக்கு நேரம் அமையவில்லை. உன் லேபுக்கு என்னை அழைத்துப் போனாயே, அது எனக்குப் பிடித்திருந்தது. அடுக்கி வைத்திருந்த அத்தனை பிளாஸ்டர் வாய்களையும் யார் யாருடையது என்று பார்த்தவுடன் சொன்னாய்.

பதில் எழுது.

அன்புடன்,
அக்கா


மே 24

அன்புள்ள தங்கைக்கு,

என் கடிதம் கிடைத்ததா? உடம்பு சரியில்லையா? வீட்டில் எல்லாம் சௌக்கியம் என்று தம்பி எழுதியிருந்தான். அவன் எழுதினால் எனக்குச் சிரிப்பு வருகிறது, விஷயம் எதுவும் தெரிவதில்லை.

நான் ஏதாவது செய்திருந்தால் சொல்.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்குச் சுகம்தானே? எனக்குத் தலைவலி இல்லை. அன்றும் இல்லை.

கேட்டுவிட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். என் அப்பா இறந்துபோனபோது நான் லேபிலிருந்து அப்படியே ஓடினேன். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அப்பா வாய் உள்ளே போய், கன்னம் ஒட்டி, யாரோ போல் கிடந்தார். பல் செட்டைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டார்கள். அது நான் செய்து கொடுத்தது. அது இல்லாமல் அவர் என் அம்மா முன்னால்கூட வந்ததில்லை. காலையில் கதவைச் சாத்தி, அதை மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். அந்த முகத்தோடு ஊர் அவரைப் பார்க்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. அதனால் அழுதுகொண்டே ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.

அதைத்தான் உங்கள் தம்பி விருந்தில் நடித்தார். கைத்துண்டை ஏப்ரன் மாதிரிக் கட்டிக்கொண்டு, "பல்லு… அப்பா பல்லு எங்க… யாராவது பல்ல வைங்களேன்…" என்று ஒவ்வொரு நாற்காலியாகப் போய் விசும்பினார். பிறகு உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு அப்பாவாகப் படுத்துக் காட்டினார். மருந்துக் கடைக்காரர் சம்சாரத்துக்குப் புரை ஏறிவிட்டது.

நான் தண்ணீர்க் கூஜாவோடு அடுக்களை வாசலில் நின்றேன். அவரைப் பார்க்கவில்லை, அதை முன்பே பல தடவை பார்த்தாகிவிட்டது. உங்களைப் பார்த்தேன். நீங்கள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். தோள் குலுங்கியது.

கவனிக்காமல் நடிக்க முடியாது என்று எழுதினீர்கள். சரியாகச் சொன்னீர்கள். எல்லோரும் அழுத அந்த நேரத்தில் அவர் என்னைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு விசும்பல்கூடத் தப்பவில்லை.

நிறுத்தச் சொல்லிப் பல தடவை கேட்டுவிட்டேன். நான் கேட்பதையும் நடித்துக் காட்டுகிறார். நீங்கள் சொன்னால் கேட்பார், வேறு யார் சொல்லியும் கேட்க மாட்டார். முதலாளி பதிலுக்குக் காத்திருக்கிறார். அதற்குள் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு முடிவெடுக்கச் சுலபமாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வீட்டுக்காரி


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் நலம் பற்றி இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. சிரிக்காமல் படி.

முதலாவதாக, உன் மாமனார் சாவை இனி யார் முன்னாலும் நடிக்காதே. அன்று நானும் சிரித்தேன். அது நிஜமாக நடந்தது என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தை வைத்து என்னைத் தப்பவிடுவதாக உத்தேசமில்லை, ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது.

இரண்டாவதாக, நம் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. தப்பு செய்தவன் ஒரு ஜோக் அடிப்பான், அடிபட்டவன் சிரித்துவிட்டால் விவகாரம் முடிந்தது. நாம் அப்படி வளர்ந்தோம். அவள் வேறு வீட்டிலிருந்து வந்தவள். அவளுக்கு அந்த ஏற்பாடு தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்றாவதாக, அவளைத் தனியே உட்காரவைத்து, குரலை மாற்றாமல், தப்பு என்று சொல். அதற்குமேல் ஒன்றும் சேர்க்காதே. சேர்க்கத் தோன்றும்போது எழுந்து போய்விடு.

இதைச் செய்ய உனக்கு நிறைய நாள் இருப்பதாக நினைத்துக்கொள்ளாதே.

அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இருக்கிறேன். இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதினேன்.

உங்கள் கடிதம் வந்ததைப் பற்றி அவர் என்னிடம் மூச்சுவிடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அதே நண்பர்களைக் கூப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து நின்று, "இன்னைக்கு ஒரு ஸ்பெஷல் ஷோ. எங்க அக்கா சம்மன் அனுப்பியிருக்கா. உங்க எல்லார் முன்னாடியும் இவகிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன்" என்றார். கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு தடித்த கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டி, ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, உங்கள் கடிதத்தை உங்கள் குரலில் படித்தார். "முதலாவதாக…" என்று ஒரு செருமல். "இரண்டாவதாக…" என்று நாற்காலியைத் தடவித் தேடினார். "மூன்றாவதாக" வருவதற்குள் பேங்க் மேனேஜர், "போதும்யா, வயிறு வலிக்குது" என்று கும்பிட்டார்.

அக்கா, நான் சிரித்தேன்.

அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. அப்படியே நீங்கள்தான். "சிரிச்சுட்டா! டேய், பாருங்கடா, சிரிச்சுட்டா!" என்று அவர் குதித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். கல்யாணமானதிலிருந்து அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. மன்னிப்பு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் நன்றாகத்தான் நடித்தார். ஆனால் நான் அதற்குச் சிரிக்கவில்லை. இன்றைக்கு நான் இல்லை, இன்றைக்கு அக்கா. அந்த நிம்மதிதான் சிரிப்பாக வந்தது. நாடகத்துக்காரியும் அதற்குத்தான் சிரித்திருப்பாள். அது மன்னிப்பு இல்லை அக்கா. அவளை விட்டுவிட்டு வேறொருவரைப் பார்த்து ஊர் சிரித்த முதல் நாள் அது. அன்று நீங்கள் சிரித்ததும் அப்படித்தானோ என்னவோ. சின்ன வயதில் உங்களையும் விட்டு வைத்திருக்க மாட்டார்.

இன்னும் ஒரு வருடம் அந்த மேசையில் பரிமாறினால் நானும் நன்றாகச் சிரிக்கக் கற்றுக்கொள்வேன். யாரைக் காட்டினாலும் சிரிப்பேன். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

நேற்று வாசகர் கூட்டத்தில் நாடகத்தைப் பற்றி இதைத்தான் சொன்னேன். நம் வீட்டை இழுக்கவில்லை. வெளியே வரும்போது ஓர் அம்மா என் கையைப் பிடித்து, "உங்க வீட்டுக்காரர் கடையிலதாம்மா எனக்குக் கண்ணாடி. அவர் நடிச்சுக் காட்டுறதையும் பாத்திருக்கேன்" என்றார். கையை விட அவருக்கு மனம் வரவில்லை.

முதலாளியிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாளை காலை கிளம்புகிறேன். அவரிடம் இன்று மாலை சொல்லப் போகிறேன். நடித்துக் காட்டினால் காட்டட்டும், நான் பார்க்க இருக்க மாட்டேன். தங்கப்போகும் இடத்தின் முகவரி கடைசியில் இருக்கிறது. உங்களுக்கு மட்டும்தான் தருகிறேன். அவர் கேட்டால் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். அவர் உங்கள் தம்பி. எனக்கு அது தெரியும்.

களிம்பு நன்றாகக் கேட்டது. விரல் ஆறிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் தங்கை


ஜூலை 15

அக்கா,

நீ சௌக்கியமா இருப்ப. இருக்கணும். நான் ஹோட்டல் சாப்பாட்டுல ஒரு சுத்து இளைச்சிருக்கேன், பாக்க லட்சணமா இருக்கு.

அவ போறேன்னு சொன்னப்போ நான் தமாஷுன்னு நினைச்சேன். பெட்டியத் தூக்கிட்டு நடக்கிற மாதிரி நடிச்சுக்கூடக் காட்டினேன். காலையில பாத்தா நிஜமாவே பெட்டி இல்ல. லேப் முதலாளியக் கேட்டா, "குடும்ப விஷயம், நான் வாயைத் திறக்க மாட்டேன்"ங்கிறார். ஊரையே ஆ காட்டச் சொல்றவர் வாயைத் திறக்க மாட்டாராம்! கடையில ஆளுங்க கதை கேக்குறாங்க. பாதியில மறந்துபோகுது. போன வாரம் ஒருத்தருக்கு வலது கண் பவர இடது பக்கம் போட்டுக் குடுத்துட்டேன்.

முகவரி உன்கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ இந்தக் கடிதத்த எப்படிப் படிப்பன்னும் தெரியும். கண்ணாடிய நெத்தியில ஏத்துவ, கையில இருக்கிற சிவப்புப் பேனாவ மூடி வைக்க மாட்ட, 'அமைப்பு சரியில்லை, பத்துக்கு நாலரை'ன்னு முணுமுணுப்ப, அப்புறம்தான் அடடா இது நம்ம தம்பியாச்சே, பாவம்னு தோணும்.

முகவரி குடு அக்கா. நேர்ல போய் நின்னேன்னா போதும். என்னைப் பாத்தாலே சிரிச்சுடுவா. ஒரு தடவை சிரிச்சவதானே.

தம்பி


ஜூலை 22

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடியேதான் படித்தேன். கண்ணாடி நெற்றியில், சிவப்புப் பேனா கையில். நாலரைக்குப் பதில் ஐந்து போட்டிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். சிரிப்பு வந்தது. வீட்டில் யாரும் இல்லை, சத்தமாகவே சிரித்தேன்.

நேரில் போய் நின்றால் அவள் சிரித்துவிடுவாள் என்கிறாய். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அவளுக்கும் அது தெரியும். அதனால்தான் போயிருக்கிறாள்.

முகவரி என்னிடம் இருக்கிறது. தர மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா